சைடெக்ஸ், ஓ.பி.ஏ., பெர்அசிட்டிக், ஆவி: குமரி மாவட்டச் சிறு மருத்துவமனைகள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் சிறு மருத்துவமனை நடத்துகிறவர்களும், அங்கே தியேட்டர் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சைடெக்ஸ் நெடி தாங்க முடியவில்லை. கண் எரிகிறது. இதை நிறுத்திவிட்டு எதற்கு மாறுவது? ஓ.பி.ஏ. வாங்கலாமா, பெர்அசிட்டிக் வாங்கலாமா?" இவை மூன்றும் கருவிகளை ஊற வைத்துக் கிருமி நீக்கும் திரவ மருந்துகள்: சைடெக்ஸ் என்பது குளூட்டரால்டிஹைடு, ஓ.பி.ஏ. என்பது ஆர்த்தோ-தாலால்டிஹைடு, பெர்அசிட்டிக் என்பது ஓர் அமிலம். விற்க வருகிறவரிடம் கேட்டால் அவர் பையில் இருப்பதைத்தான் நல்லது என்பார். அதனால் இருக்கும் வழிகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

நான் மனதில் வைத்து எழுதுவது 20 முதல் 50 படுக்கை உள்ள இடங்களை. பிரசவம், குடல்வால், பித்தப்பை, எண்டோஸ்கோப்பி எல்லாம் ஒரே தியேட்டரிலோ பக்கத்து அறையிலோ நடக்கும். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஸ்டெரிலைசேஷனுக்கென்று தனித்துறை இருக்காது. தியேட்டர் சிஸ்டரே எல்லாம் பார்ப்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) போகக்கூடியதை எல்லாம் ஆட்டோகிளேவில் போடுங்கள். போக முடியாத ஸ்கோப்புக்கு (உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவி) மட்டும் ரசாயனம் வாங்குங்கள். ஃபார்மலினை நிறுத்திவிடுங்கள். வராந்தாத் தரைக்கு சோப்புத் தண்ணீர் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன், எந்த இடத்தில் இது மாறும் என்பதைக் கீழே பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், வேலை என்ன கேட்கிறது என்பது. ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் 1968-ல் எழுதி வைத்த பிரிவு இன்றைக்கும் உலகம் முழுவதும் கையாளப்படுகிறது. தோலைக் கிழித்து உடம்புக்குள், ரத்தத்துக்குள் போகும் கருவி முழுமையாக ஸ்டெரைல் ஆக வேண்டும், அதாவது ஒரு கிருமியும் உயிரோடு மிஞ்சக்கூடாது. வாய், குடல், மூச்சுக்குழாய் போன்ற ஈரச் சவ்வைத் தொடும் கருவிக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் போதும். அதாவது காசநோய்க் கிருமி உட்பட எல்லாம் சாக வேண்டும், ஸ்போர் எனப்படும், கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் கிருமி வடிவங்கள் மட்டும் சில மிஞ்சலாம். காயமில்லாத தோலை மட்டும் தொடும் பி.பி. பட்டை, கட்டில் கம்பி போன்றவற்றுக்கு நல்ல சுத்தம் போதும். தரை நோயாளியின் உடம்பைத் தொடுவதே இல்லை. இந்த மூன்று நிலையையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி ரசாயனம் வீணாகிறது. தரைக்கு ஊற்ற வேண்டிய அளவைவிட அதிகமாக ஊற்றுகிறோம். லேப்ராஸ்கோப்பிக் கருவிக்கு (வயிற்றில் சிறு துளை வழியாக அறுவை செய்யும் கருவி) தேவையான அளவைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, கையாளுகிறவரின் மூச்சும் தோலும். நோயாளி அரை மணி நேரத்தில் போய்விடுவார். சிஸ்டரும் துப்புரவு அக்காவும் வருடக்கணக்கில் அங்கேயேதான் நிற்கிறார்கள். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

மூன்றாவது, பில்லில் வராத செலவு. மருந்தின் வீரியத்தைக் காட்டும் டெஸ்ட் ஸ்டிரிப், கையுறை, அலசும் தண்ணீர், காற்றோட்டம், துருப்பிடித்த கருவி, லீவு போடும் ஊழியர்.

நான்காவது, சிங்க்கில் ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது என்பது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. மருத்துவமனையின் செப்டிக் டேங்குக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரு மதில்தான் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துச் சாக்கடை நீர் பழையாற்றில் கலந்தால் சுசீந்திரம் வழியாக மணக்குடிக் கழிமுகம் வரை போகும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். பறவைக்கும் மீனுக்கும் பேர்போன குளங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: கிருமியைக் கொல்லும் மருந்து செப்டிக் டேங்குக்குள் போனால் அங்கே மலத்தைச் செரிக்கும் நல்ல கிருமியையும் கொல்லும். டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது என்று புகார் சொல்லும் இடங்களில், எவ்வளவு பினாயிலும் பிளீச்சும் உள்ளே போகிறது என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

ஐந்தாவது, நம் ஊர் வெக்கையும் ஈரமும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. வெக்கையில் பிளீச் வீரியம் இழக்கும், குளூட்டரால்டிஹைடு அதிகமாக ஆவியாகும், மழைக்காலச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

## ஆவி: ஆட்டோகிளேவ்

வேலை: 121 டிகிரி செல்சியஸ் நிறைவுற்ற நீராவியில், துணி சுற்றிய கருவிகளுக்குச் சாதாரணமாக 30 நிமிடம். காற்றை முன்னதாகவே உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் வகையில் 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடம். ஸ்போர் உட்பட எல்லாம் சாகும். முழு ஸ்டெரிலைசேஷன் இதுதான்.

உடம்புக்கு: சூட்டுக் காயம் ஒன்றுதான் ஆபத்து. மூச்சுக்கு ஒன்றும் இல்லை. மிஞ்சுவதும் தண்ணீர் மட்டுமே.

மறைந்த செலவு: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மேலே மூடி திறக்கும் பழைய செங்குத்து ஆட்டோகிளேவில் காற்று தானாகத்தான் வெளியேற வேண்டும். கத்தரி, ஃபோர்செப்ஸ், துணி என்றால் சரி. டிரோகார் (வயிற்றுத் துளை வழியாகக் கருவியை நுழைக்க உதவும் குழாய்) மாதிரி உள்ளே குழாயாக இருக்கும் கருவிக்குள் காற்று அடைபட்டு நின்றுவிட்டால் ஆவி உள்ளே போகாது. அதற்கு வாக்குவம் உள்ள பி கிளாஸ் இயந்திரம் வேண்டும். லேப்ராஸ்கோப்பி செய்கிற இடம் இதை வாங்காமல் ரசாயனத்திலிருந்து விடுபடவே முடியாது.

அடுத்தது தண்ணீர். கடலோர ஊர்களில் உப்புக் கலந்த கிணற்று நீரை ஊற்றினால் ஹீட்டரில் படிவு பிடிக்கும், கருவியில் வெள்ளைத் திட்டு விழும். ஆர்.ஓ. நீரோ வடிநீரோ ஊற்றுங்கள். டேப் நிறம் மாறினால் வெந்துவிட்டது என்று நம்பிவிடவும் வேண்டாம். வெளியே ஒட்டும் டேப், பொட்டலம் சூட்டைக் கண்டது என்று மட்டும்தான் சொல்லும். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் வைத்த பரிசோதனையை வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும்.

ஆனால் உண்மையான செலவு இயந்திரம் அல்ல, கருவி செட். ஒரே ஒரு லேப்ராஸ்கோப்பி செட் வைத்துக்கொண்டு காலையில் மூன்று கேஸ் போடுகிற இடத்தில், ஆட்டோகிளேவ் முடிந்து ஆறும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்போதுதான் "சைடெக்ஸில் 20 நிமிடம் போட்டு எடு" என்ற பேச்சு வரும். இன்னும் ஒரு செட் வாங்குவதே அந்தப் பேச்சை நிறுத்தும் வழி.

எப்போது சிறந்தது: அறுவைக் கருவி எல்லாவற்றுக்கும், பல் மருத்துவத்துக்கும், கண் மருத்துவத்துக்கும். கண்ணுக்குள் போகும் கருவியில் சைடெக்ஸ் போன்ற ஆல்டிஹைடு மருந்து மிச்சம் இருந்தால் கண்ணின் முன்பகுதியில் அழற்சி வந்து கருவிழி வீங்கிவிடும். லேப்ராஸ்கோப்பி டெலஸ்கோப்பையும் சேர்த்தே சொல்கிறேன். 'ஆட்டோகிளேவபிள்' என்று அதன் மேலேயே எழுதியிருக்கும் டெலஸ்கோப்புகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன.

எங்கே முடியாது: வளையும் எண்டோஸ்கோப். அதை ஆட்டோகிளேவில் வைத்தால் அதோடு முடிந்தது.

## குளூட்டரால்டிஹைடு 2 சதவீதம்

சைடெக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். பொடியைக் கலந்து ஆக்டிவேட் செய்த பிறகு பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஆயுள் 14 நாள்.

வேலை: 20 நிமிடம் ஊறினால் உயர்நிலைக் கிருமிநீக்கம், சில லேபிள்கள் 45 நிமிடம் கேட்கும். ஸ்டெரைல் ஆக வேண்டுமானால் 10 மணி நேரம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நோயாளிகள் மாட்டிக்கொள்கிறார்கள். பித்தப்பை அறுவைக்கு 20 நிமிடம் மட்டும் ஊறிய கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசி வயிற்றுக்குள் விட்டால் என்ன ஆகும்? மூன்று, நான்கு வாரம் கழித்து அந்தத் துளை இடத்தில் கட்டி வரும், சீழ் வரும், சாதாரண ஆன்டிபயாடிக்குக் கேட்காது. தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியா வகைகள்தான் (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்) காரணம். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். இந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட கேஸ்கள் பல மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிரேசிலில் 2000-களின் நடுவில் இது பெரிய தொற்றாகவே பரவியது. 2 சதவீத குளூட்டரால்டிஹைடையே தாங்கும் மைக்கோபாக்டீரியா வகை அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. வீடியோ அறுவைக் கருவிகளைத் திரவத்தில் ஊற வைத்து ஸ்டெரைல் செய்வதை அந்த நாடு 2009-ல் தடை செய்தது.

உடம்புக்கு: இது மூச்சுக்குழாயைப் பழக்கிக் கெடுக்கும் மருந்து. முதலில் கண் எரிச்சல், மூக்கில் நீர், தலைவலி. அப்புறம் மூச்சிளைப்பு. ஒருமுறை உடம்பு இதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு ஒன்று வைத்திருக்கும் உச்ச வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு. கண் எரியும் அளவுக்கு நெடி இருந்தால் வரம்பு தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் சைடெக்ஸ் 2002-ல் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது.

என்னோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டருக்கு ஸ்கோப் அறையில் டியூட்டி போட்ட பிறகு இளைப்பு வந்தது. வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக இருப்பார். திங்கள்கிழமை மதியம் திரும்ப வரும். இந்தக் கோலத்தைக் கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். லீவில் குறைந்து வேலையில் கூடும் இருமல், அறையின் காற்றைப் பற்றிய புகார்.

இப்போது எல்லா இடத்திலும் ஸ்பிளிட் ஏ.சி. அது இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். வெளிக்காற்றைக் கொண்டு வராது. ஜன்னலை அடைத்து, ஏ.சி.யைப் போட்டு, மூடி இல்லாத டிரேயில் குளூட்டரால்டிஹைடை வைத்தால் அந்த அறையில் நிற்பவர் நாள் முழுக்க அதையே மூச்சாக இழுக்கிறார். சர்ஜிக்கல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கோவிட் காலத்துப் பழக்கத்தில் என்-95 போட்டாலும் தடுக்காது, அது துகளுக்கானது. கையுறையும் அப்படித்தான். நம் ஊர் ரப்பரில் செய்த லேடெக்ஸ் கையுறை இதை அதிக நேரம் தாங்காது. நைட்ரைல் வேண்டும்.

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் வீடுகளைப் பாருங்கள். ஃபார்மிக் ஆசிட்டை அளந்து, தண்ணீரில் நீர்த்து, திறந்த கொட்டகையில் வைத்துத்தான் பாலில் ஊற்றுவார்கள். ஆசிட் என்றால் என்ன என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மரியாதையை மருத்துவமனை ரசாயனத்துக்கு நாம் கொடுப்பதில்லை; மருந்து மாதிரிப் பாட்டிலில் வருவதால் அது நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம்.

மறைந்த செலவு: தினமும் டெஸ்ட் ஸ்டிரிப் போட வேண்டும். 14 நாள் என்பது உச்ச வரம்பு. தினமும் பல ஸ்கோப் போனால் ஈரமான கருவியோடு வரும் தண்ணீரே மருந்தை நீர்க்கச் செய்து, அதற்கு முன்பே வீரியம் போய்விடும். நன்றாகக் கழுவாமல் போட்டால் ரத்தத்தையும் சளியையும் கருவியோடு கெட்டிப்படுத்தி ஒட்டிவிடும். வெளிக்காற்று வரும் எக்ஸாஸ்ட் வேண்டும். அறையின் காற்று மணிக்கு 10 முறையாவது மாற வேண்டும் என்பது பரிந்துரை. இதையெல்லாம் சேர்த்தால் 'மலிவான மருந்து' என்ற பெயர் நிற்காது.

எப்போது சிறந்தது: நல்ல எக்ஸாஸ்ட், மூடி உள்ள டிரே, நைட்ரைல் கையுறை, ஸ்டிரிப் எல்லாம் ஏற்கனவே இருந்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு ஸ்கோப் மட்டும் பார்க்கும் இடம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## ஓ.பி.ஏ. 0.55 சதவீதம்

வேலை: 20 டிகிரியில் 12 நிமிடத்தில் உயர்நிலைக் கிருமிநீக்கம். கலக்க வேண்டியதில்லை, அப்படியே ஊற்றலாம். 14 நாள் வரை திரும்பப் பயன்படுத்தலாம், ஸ்டிரிப் சோதனையோடு. குளூட்டரால்டிஹைடைத் தாங்கும் மைக்கோபாக்டீரியாவுக்கும் எதிராக நன்றாக வேலை செய்கிறது. ஸ்போரைக் கொல்வதில் மிக மந்தம். ஆகவே ஸ்டெரிலைசேஷனுக்கு இதை நம்பக்கூடாது.

உடம்புக்கு: நெடி குறைவு, ஆவியும் குறைவு. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் நெடி இல்லை என்பதால் தீங்கில்லை என்று ஆகிவிடாது. இதுவும் ஆல்டிஹைடுதான், ஊழியர்களுக்குத் தோல் ஒவ்வாமையும் இளைப்பும் வந்த பதிவுகள் உண்டு. கண்ணை எரித்து எச்சரிக்காது என்பதால் காற்றோட்டத்தை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். தோலில் பட்டால் சாம்பல் நிறக் கறை விழும்; நல்ல வேளை, அந்தக் கறை ஒருவிதத்தில் காவல்காரன், யார் கையுறை போடவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மறைந்த செலவு: அலசும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் மூன்று தடவை, தடவைக்கு ஒரு நிமிடம் முக்கி அலச வேண்டும். அரைகுறையாக அலசிய கருவியால் நோயாளியின் வாயும் உணவுக்குழாயும் கறை பிடித்துப் புண்ணான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் லாரித் தண்ணீர் வாங்கும் இடங்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு கண்டிப்பான விலக்கு: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவருக்குப் பயன்படும் சிஸ்டோஸ்கோப்பை (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவி) இதில் போடக்கூடாது. திரும்பத் திரும்ப சிஸ்டோஸ்கோப்பி செய்துகொண்ட அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அனாஃபிலாக்ஸிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான திடீர் ஒவ்வாமை வந்திருக்கிறது. யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) பார்க்கும் இடத்தில் எந்த நோயாளிக்கு எந்த ஸ்கோப் என்று பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் முடியாது. ஆகவே யூராலஜி என்றால் ஓ.பி.ஏ.யே வேண்டாம் என்பது என் கருத்து.

கழிவும் சுலபமில்லை. மீனுக்கும் நீர் உயிர்களுக்கும் கடும் நஞ்சு. லிட்டருக்கு சுமார் 7 கிராம் கிளைசின் (ஓ.பி.ஏ.யை நடுநிலையாக்கும் பொடி) போட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகுதான் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு விட வேண்டும். கிளைசின் விலை அதிகமில்லை. வாங்கி வைப்பாரில்லை, அவ்வளவுதான்.

எப்போது சிறந்தது: தினமும் நான்கைந்து எண்டோஸ்கோப்பி பார்க்கும், யூராலஜி இல்லாத, தண்ணீர் வசதி உள்ள இடம்.

## பெர்அசிட்டிக் அமிலம் 0.2 முதல் 0.35 சதவீதம்

வேலை: 5 முதல் 15 நிமிடம். ஸ்போரையும் கொல்லும். ரத்தப் புரதத்தைக் கருவியோடு ஒட்டாது.

உடம்புக்கு: கடும் புளிப்பு நெடி, காடி பாட்டிலைத் திறந்த மாதிரி இருக்கும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அடர் கரைசலைக் கலக்கும் நேரம்தான் மோசம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது. தயார் நிலையில் வரும் நீர்த்த வகையோ, மூடிய இயந்திரத்தில் ஓடும் வகையோ கிடைத்தால் நல்லது.

மறைந்த செலவு: கலந்த பிறகு ஆயுள் குறைவு; தயாரிப்பைப் பொறுத்து ஒரு நாள் முதல் சில நாள்கள். நம் வெக்கையில் சேமித்து வைப்பதற்கும் கவனம் வேண்டும். பித்தளை, செம்பு, முலாம் போன பழைய கருவிகளை அரிக்கும். ஸ்கோப் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடங்கினால் வாரண்டி போகும்.

கழிவு: இதில் இதற்கு ஈடில்லை. அசிட்டிக் அமிலம், தண்ணீர், ஆக்சிஜன் என்று உடைந்துவிடும். கிணற்றுக்குப் பக்கத்தில் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் மருத்துவமனைக்கு இது பெரிய விஷயம்.

எப்போது சிறந்தது: கேஸ் அதிகம் உள்ள எண்டோஸ்கோப்பி மையம், யூராலஜி, கழிவுநீர் நேராக மண்ணுக்குள் இறங்கும் இடங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆட்டோகிளேவ் | குளூட்டரால்டிஹைடு | ஓ.பி.ஏ. | பெர்அசிட்டிக் |
|---|---|---|---|---|
| எந்த நிலை | முழு ஸ்டெரைல் | 20–45 நிமிடத்தில் உயர்நிலை. 10 மணி நேரத்தில் ஸ்டெரைல் | 12 நிமிடத்தில் உயர்நிலை மட்டும் | 5–15 நிமிடம். ஸ்போரும் சாகும் |
| மூச்சுக்கு | பாதிப்பில்லை | இளைப்பு ஆபத்து அதிகம் | குறைவு, ஆனால் உண்டு | எரிச்சல் அதிகம் |
| கலந்த பின் ஆயுள் | – | 14 நாள் வரை | 14 நாள் வரை | ஒன்று முதல் சில நாள் |
| வளையும் ஸ்கோப் | கூடாது | சரி | சரி | கம்பெனி சம்மதத்தோடு |
| யூராலஜி | கருவி தாங்கினால் முதல் தேர்வு | சரி | வேண்டாம் | சரி |
| கழிவு | தண்ணீர் | நடுநிலையாக்க வேண்டும் | கிளைசின் கட்டாயம் | தானே உடையும் |
| பில்லில் வராத செலவு | கூடுதல் செட், நல்ல தண்ணீர் | எக்ஸாஸ்ட், ஊழியர் உடல்நலம் | அலசும் தண்ணீர் | அடிக்கடி வாங்குதல், துரு |

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. என்சைம் கரைசலில் ஊற வைத்து, உள்குழாய் முழுக்க பிரஷ் விட்டுக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து அழுக்கைத்தான் தொடும். நான் பார்த்த இடங்களில் மருந்துக்குப் பணம் இருந்தது; சரியான அளவு பிரஷ் இருக்கவில்லை.

## ஃபார்மலின்: இதற்கு ஒப்பீடு தேவையில்லை

இன்னும் பல தியேட்டர்களில் ஃபார்மலின் மாத்திரை போட்ட கண்ணாடி அறைப் பெட்டிக்குள் காட்டரி வயரும் குழாய்களும் கிடக்கின்றன. சனிக்கிழமை இரவு ஃபியூமிகேஷன் என்ற ஃபார்மலின் புகை போட்டு, ஞாயிறு முழுக்கப் பூட்டி வைத்து, திங்கள் காலை அமோனியா வைத்துத் திறக்கும் பழக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் 2004-ல் சேர்த்துவிட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2008 வழிகாட்டி, நோயாளிகள் இருக்கும் இடங்களில் வழக்கமாகக் கிருமிநாசினிப் புகை போட வேண்டாம் என்கிறது.

ஜோசஃப் லிஸ்டர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைக் காற்றில் தெளித்து அறுவை செய்தவர். அவரே பிற்பாடு அந்தத் தெளிப்பைக் கைவிட்டுவிட்டார், காற்றைவிடக் கையும் கருவியும்தான் முக்கியம் என்று கண்டபிறகு. காற்றில் புகை விட்டால் தியேட்டர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையை இத்தனை ஆண்டு கழித்தும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

"மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை வருகிறதே, அப்போது என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓதம் ஏறும் சுவரைச் சரிசெய்யுங்கள், மேல்தளக் கசிவை அடையுங்கள், ஏ.சி. ஃபில்டரைக் கழுவுங்கள், பூஞ்சை பிடித்த இடத்தை டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்துக் காய விடுங்கள். கசிவு இருக்கும் வரை எந்தப் புகைக்கும் பூஞ்சை அடங்காது. கேஸுக்கு கேஸ் நடுவில் மேசையையும் விளக்குக் கைப்பிடியையும் துடைப்பதும், நாள் முடிவில் தரையை ஈரமாகத் துடைப்பதும் செய்தால் ஃபியூமிகேஷன் நாள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அவசர சிசேரியனுக்கு தியேட்டர் திறந்தும் இருக்கும்.

## தரைக்கு எது?

சோப்புத் தண்ணீர்: வராந்தா, ஓ.பி., அலுவலகம், மாடிப்படி எல்லாவற்றுக்கும் இதுவே போதும். ஒரே வாளித் தண்ணீரில் எல்லா அறையையும் துடைக்கக்கூடாது, அவ்வளவுதான். மாப்பைத் தினமும் கழுவி வெயிலில் காயப் போட வேண்டும்.

பினாயில்: வாசனை வந்தால்தான் ஆஸ்பத்திரி சுத்தம் என்று நோயாளியோடு வருகிறவர்கள் நினைக்கிறார்கள், அந்த வாசனைக்காகத்தான் பாதி இடத்தில் ஊற்றுகிறோம். ஃபீனால் வகை மருந்தைப் பச்சிளங்குழந்தை அறையில் பயன்படுத்தவே கூடாது. தொட்டில், இன்குபேட்டர் பக்கம் பயன்படுத்தியதால் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடியது பதிவாகியுள்ளது. பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு இது கண்டிப்பு.

பிளீச்: ரத்தம் சிந்திய இடத்துக்கு இதைவிட்டால் வேறு நல்லது இல்லை. துணி போட்டு மூடி, 1 சதவீதக் கரைசல் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு அள்ள வேண்டும். கேனில் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்கவும். கோடையில் மாடி ரூமில் மாதக்கணக்காகக் கிடந்த கேனில் எழுதியிருக்கும் சதவீதம் உள்ளே இருக்காது. கழிப்பறை ஆசிட்டோடு பிளீச் கலந்தால் குளோரின் வாயு வரும். "இரண்டும் ஊற்றினால் நல்லா வெளுக்கும்" என்று எந்த அக்காவாவது சொன்னால் உடனே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அடைத்த கழிப்பறைக்குள் மயங்கி விழுவது அவர்தான்.

குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகை, ஹைட்ரஜன் பெராக்சைடு: கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், மானிட்டர் பொத்தான் போன்ற அடிக்கடி கைபடும் இடங்களுக்கு. குவாட் மலிவு, ஆனால் பருத்தி மாப் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தரையில் படுவது குறைவு. நீரில் நெடுநாள் தங்கும், மீனுக்கு நஞ்சு. 0.5 சதவீத மேம்படுத்திய ஹைட்ரஜன் பெராக்சைடு விலை கூடுதல், உடைந்தால் தண்ணீரும் ஆக்சிஜனும். கைபடும் இடங்கள் கொஞ்சம்தான் என்பதால் அந்த விலை தாங்கும்.

## யாருக்கு எது?

சிசேரியன், குடல்வால் போடும், ஸ்கோப்பே இல்லாத 20 படுக்கை இடம்: உங்களுக்கு ஊற வைக்கும் ரசாயனம் எதுவுமே தேவையில்லை. வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சிசேரியன் செட் வாங்குங்கள். டிரேயில் லேரிங்கோஸ்கோப் பிளேடு ஊறிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்து ஆட்டோகிளேவில் போடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் லேப்ராஸ்கோப்பி: பி கிளாஸ் ஆட்டோகிளேவும் இரண்டாவது செட்டும். கடன் வாங்கியாவது செய்ய வேண்டிய செலவு என்று இதைத்தான் சொல்வேன். அதுவரை நாளுக்கு ஒரு கேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் சர்ஜன் வரும் நாளில் நாலு கேஸ் அடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

எண்டோஸ்கோப்பி மையம்: கழிவுநீர் சுத்திகரிப்பு இருந்தால் ஓ.பி.ஏ., இல்லையென்றால் பெர்அசிட்டிக். யூராலஜியும் உண்டென்றால் பெர்அசிட்டிக் மட்டும்.

கையில் பணம் இல்லை, இப்போதைக்கு குளூட்டரால்டிஹைடுதான்: சரி. இந்த மாதமே மூன்று காரியம் செய்யலாம். டிரேயை இறுக்கமான மூடி உள்ளதாக மாற்றுங்கள். அதை ஏ.சி. அறையிலிருந்து எடுத்து எக்ஸாஸ்ட் உள்ள தனி அறையில் வையுங்கள். நைட்ரைல் கையுறையும் டெஸ்ட் ஸ்டிரிப்பும் ஆர்டர் போடுங்கள். கர்ப்பிணியாக இருக்கும் சிஸ்டரையும், ஏற்கனவே இளைப்பு உள்ளவரையும் அந்த வேலையில் போடாதீர்கள்.

மாறும்போது பழைய மருந்தை என்ன செய்வது என்பதையும் யோசித்துவிட்டு மாறுங்கள். 2016-ல் வந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகள், ரசாயனத் திரவக் கழிவைத் தனியாகச் சேர்த்து, சுத்திகரித்த பிறகே மற்ற கழிவுநீரோடு கலக்கச் சொல்கின்றன. வெளியே விடும் நீருக்கு அந்த விதி வைத்திருக்கும் சோதனைகளில் ஒன்று, அந்த நீரில் விட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. ஆகவே டிரேயில் இருக்கும் குளூட்டரால்டிஹைடை லேபிளில் சொன்னபடி சோடியம் பைசல்ஃபைட்டோ கிளைசினோ போட்டு நடுநிலையாக்கிய பிறகே விடுங்கள். திறக்காத, காலாவதியான கேன்களையும் மிச்ச ஃபார்மலினையும் சிங்க்கில் கவிழ்க்காமல், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். அவர் எடுக்காவிட்டால் மஞ்சள் வகை ரசாயனக் கழிவாக எழுதி, உங்கள் கழிவை எடுக்கும் பொது நிலையத்திடம் முன்கூட்டியே பேசி ஒப்படையுங்கள். ஒப்படைத்த ரசீதைக் கோப்பில் வையுங்கள்.